கண்ணால் பார்த்ததற்கே கையெழுத்து

ஜார்ஜ் டவுன் தர்ம வைத்தியசாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து இன்று ஓய்வுபெறும் கம்பவுண்டர் ஜனாப் முகம்மது கனி அவர்களுக்கு உடன் ஊழியர்கள் வாசித்தளித்த பாராட்டு மடல்

பண்பின் பெட்டகமே! பொறுமையின் பொய்கையே! மருந்து மணக்கும் கரங்களால் எங்கள் மனங்களையும் ஆற்றிய மாண்புடையீர்! வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே, வேறு யாரோ ஒரு கம்பவுண்டரின் கதையைப் போல ஒன்றைச் சொல்கிறோம், அமர்ந்து கேட்டருள்க.

1934-ஆம் ஆண்டின் கடைசி. பாலிக் புலாவ் தோட்டங்களில் படரும் ஒரு கசப்புக் கொடியிலிருந்து டாக்டர் நவமணி வெண்மையான உப்பு ஒன்றைப் பிரித்தெடுத்திருந்தார். மூட்டுகள் வீங்கி விரல்கள் கோணிப்போகும் முடக்குவாதத்துக்கு அது உதவுமா என்று அறிய, வார்டில் பத்து நோயாளிகளுக்கு மதியந்தோறும் ஒரு பொட்டலம் கொடுக்கப்பட்டது. கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டில் குறி போடுவது கம்பவுண்டரின் வேலை. முதல் மாதம் ஏழு பேருக்கு வீக்கம் வடிந்தது. இரண்டாம் மாதம் அவர்களில் நால்வருக்குத் திரும்பி வந்தது. "பலன் நிலைக்கவில்லை" என்று டாக்டர் அறிக்கை எழுதி உறையில் இட்டார். மறுநாள் தபால் கப்பலில் அது போனால், அந்தக் கொடியின் கதை அதோடு முடிந்திருக்கும்.

அன்று காலை ஆயா தனலெட்சுமி ஒரு தலையணையை உதறினார். பொட்டலங்கள் பொலபொலவென்று கொட்டின. இருபத்து நான்கு!

"கம்பவுண்டரண்ணே, இது தலகாணியா, மருந்துக் கடையா?"

கட்டிலுக்குரியவர் நாசி கண்டார் வியாபாரி சீனி முகம்மது. சோற்றையும் கறியையும் காவடியில் தூக்கி விற்றே காலம் கழித்தவர். இப்போது கைலி முடிச்சைக்கூட அடுத்தவர்தான் போட்டுவிட வேண்டும்.

"நோன்பு அண்ணே. நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு தெரியும். மனசு கேக்கலலா. நாங்க நாலு பேருமே புடிச்சோம்."

"மதியக் கஞ்சி?"

"பக்கத்துக் கட்டில் பழனியப்பன்கிட்ட தள்ளிவிட்டுருவோம்."

"அதான் இந்த மாசம் பழனியப்பனுக்குச் சட்டை பத்தல!" என்றார் தனலெட்சுமி.

கம்பவுண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் தெனமும் பொட்டலத்தக் குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவீங்களே? தெரிஞ்சுதான் கண்டுக்காம விடுறீங்கன்னு நெனச்சோம்."

கம்பவுண்டரும் நோன்பாளி. நோன்பாளியின் எதிரில் பகலில் வாய் திறக்க நோயாளி கூசுவானே என்று, மரியாதைக்காகத்தான் முகம் திருப்பினார். திருப்பியபடியே குறியும் போட்டார். இருபத்து நான்கு நாள், நான்கு பேர், தொண்ணூற்றாறு குறிகள்! அத்தனையும் அவர் கண்ணால் பாராதவை.

பொட்டலங்களை அள்ளிக்கொண்டு போய் அவர் டாக்டரின் மேசையில் வைத்தார்.

"நான் பாக்காமக் குறி போட்டேன், டாக்டர். மருந்து தோக்கல. உள்ளயே போகல."

டாக்டர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். "கனி, முப்பத்தோரு வருஷத்துல உங்க பேர்ல ஒரு கரும்புள்ளி கெடையாது. இதை நான் எழுதியாகணும். வேலையே போகலாம்."

"எழுதுங்க, டாக்டர். அந்தக் கப்பல்ல மட்டும் அனுப்பிராதீங்க."

உறை கிழிந்தது. கண்டனக் கடிதம் ஒன்று வந்தது; நல்லவேளை, வேலை தப்பியது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் சோதனை புதிதாகத் தொடங்கியது. இம்முறை கம்பவுண்டர் கட்டிலருகே நின்று, "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்று பார்த்தபிறகே குறி போட்டார். மூன்று மாதத்தின் முடிவில் ஆறு பேருக்கு வீக்கம் குறைந்தது; இருவருக்கு வயிறு கெட்டது; இருவருக்கு மாற்றமே இல்லை. கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அறிக்கை போயிற்று. அந்த வாரம் ஒரு காலையில் சீனி முகம்மது தம் கைலியைத் தாமே முடிந்துகொண்டு, வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து காட்டினார்.

கதை முடிந்தது, ஐயா! அந்தக் கம்பவுண்டர் யாரென்று இந்தச் சபைக்குச் சொல்லவேண்டியதில்லை. தங்கள் கண்டனக் கடிதத்தைத் தாங்களே மருந்தறைச் சுவரில் ஒட்டிவைத்தீர்கள். புதிதாய் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் படிப்பது அதைத்தான்.

தங்கள் பொறுமையைப் பார்த்தோம். தங்கள் நேர்மையைப் பார்த்தோம். பார்த்தவற்றுக்குக் கீழே துணிந்து கையெழுத்திடுகிறோம். நெடிய ஆயுளும் நோயற்ற வாழ்வும் தங்களுக்கு வாய்க்க உளமார வேண்டுகிறோம். எனினும் அவற்றை நாங்கள் இன்னும் பார்க்கவில்லையே! ஆகவே இம்மடலின் அடியில் இருபத்தைந்து கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறோம். ஆண்டுக்கொருமுறை இங்கே வாருங்கள். தங்களை நேரில் பார்த்தபிறகே குறி போடுவோம்.

இங்ஙனம்,
தங்களைக் கண்ணாரக் கண்ட
வைத்தியசாலை ஊழியர்கள்
பினாங்கு, 28 மார்ச் 1936