பிரைடிக்கு அழுகை வரல

லெஸ்டர்: …வேணாம்னா விடு. கிளிசரின்தானே, விஷமா என்ன?

பிரைடி: எனக்கு வேணாம். நான் கிளிசரின் போட்டு அழுததே கிடையாது.

லெஸ்டர்: தெரியும்மா தாயே. நம்ம டிவி சீரியல்ல இந்த சீசன் பூரா நீ அழற, நான் பேர் வாங்கறேன். ஆனா இன்னிக்கு ஏழு டேக் போயாச்சு. ஒரு சொட்டு வரல. டைரக்டர் வெளிய பனியில நின்னு தலையப் பிச்சுக்கறார்.

பிரைடி: நீங்க காலைல ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தீங்களே, அப்ப பிச்சுக்கலையா?

லெஸ்டர்: குடிகார வக்கீலா நடிக்கறவன் லேட்டா வந்தா அதுவும் நடிப்புல சேத்தி.

பிரைடி: நீங்க மறுபடி ஆரம்பிச்சுட்டீங்கன்னு மேக்கப் அக்கா சொல்றாங்க.

லெஸ்டர்: எதை?

பிரைடி: எதைன்னு உங்களுக்குத் தெரியாதா? கிட்ட வாங்க. ஊதுங்க.

லெஸ்டர்: ஏய்! பத்து வயசுல போலீஸ் வேலையா?

பிரைடி: ஊதுங்கன்னா…

லெஸ்டர்: ஹூ… போதுமா?

பிரைடி: காபி. வெங்காயம்.

லெஸ்டர்: பியரோகி சாப்பிட்டேன், வழியில. அதான், அந்தப் போலந்துக் கொழுக்கட்டை. எட்டு மாசமா காபிதான் நமக்கு. வேணும்னா எழுதிக்கோ.

பிரைடி: அப்ப ஏன் லேட்டு?

லெஸ்டர்: பஸ் கிடைக்கல. லைசென்ஸைத்தான் பிடுங்கிட்டாங்களே, தெரியாதா உனக்கு?

பிரைடி: பஸ் கிடைக்கலைன்னு பஸ் டிரைவர் பொண்ணுகிட்டயே சொல்றீங்க பாருங்க! எங்கப்பா ஒருத்தர்தான் இன்னிக்கு லீவு. மீதி எல்லா பஸ்ஸும் ஓடுச்சு.

லெஸ்டர்: …அப்பா கோர்ட்டுக்குப் போயிருக்காரா?

பிரைடி: ம்.

லெஸ்டர்: அம்மாவும்?

பிரைடி: ம்.

லெஸ்டர்: அதான் மனசு சரியில்லையா? அம்மாவோட லாஸ் ஏஞ்சல்ஸா, அப்பாவோட பிட்ஸ்பர்க்கான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். ரெண்டுல ஒண்ணு. ரெண்டுமே உன் வீடுதானே?

பிரைடி: ரெண்டும் இல்லேன்னா?

லெஸ்டர்: ரெண்டும் இல்லேன்னா வேற என்ன இருக்கு?

பிரைடி: லெஸ்டர்… நான் ஒண்ணு பண்ணிட்டேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?

லெஸ்டர்: இந்த ஊர்ல பாதிப் பேர் என்னைக் கோவிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் யாரைக் கோவிச்சுக்கறது? சொல்லு.

பிரைடி: செவ்வாய்க்கிழமை ஜட்ஜம்மா என்னை மட்டும் அவங்க ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அங்கியெல்லாம் போடல. பச்சை ஸ்வெட்டர். சாக்லேட் குடுத்தாங்க. ஸ்கூல் எப்படின்னு கேட்டாங்க. அப்புறம்…

லெஸ்டர்: யார்கூட இருக்க ஆசைன்னு கேட்டாங்க.

பிரைடி: ஆமா. எனக்குப் பயமாயிடுச்சு. நீங்கதானே சொன்னீங்க, பயம் வந்தா நம்ம செட்டுன்னு நெனச்சுக்கோன்னு?

லெஸ்டர்: …சொன்னேன். என் வாய்ல மண்ணைப் போட.

பிரைடி: நெனச்சுக்கிட்டேன். வசனம் வந்துடுச்சு.

லெஸ்டர்: எந்த வசனம்?

பிரைடி: இப்ப எடுக்கறோமே, இதே சீன். “எனக்கு அப்பாவும் வேணாம், அம்மாவும் வேணாம். சண்டை போடாத வீடு எங்க இருக்கோ, அங்க என்னை விட்டுடுங்க.”

லெஸ்டர்: முழுசாவா?

பிரைடி: முழுசா. நடுவுல மூக்கு உறிஞ்சறதைக்கூட விடல.

லெஸ்டர்: அழுதியா?

பிரைடி: ஒரே டேக்.

லெஸ்டர்: அட ஏசுவே!

பிரைடி: ஜட்ஜம்மாவும் அழுதுட்டாங்க. டிஷ்யூவ முதல்ல அவங்க எடுத்துக்கிட்டு அப்புறம்தான் எனக்கு நீட்டினாங்க. சிரிக்காதீங்க.

லெஸ்டர்: சிரிக்கல. தும்மல்.

பிரைடி: வெளிய வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நம்ம கதையில இந்தச் சீனுக்கு அப்புறம் நான் நடிக்கற டெஸ்ஸை என்ன பண்றாங்க?

லெஸ்டர்: …வேற வீட்டுல வளர்க்க அனுப்பிடறாங்க.

பிரைடி: எங்கயோ ஈரிங்கற ஊர்ல. யாருன்னே தெரியாத ஒரு தாத்தா பாட்டி வீட்டுக்கு. அங்க மூணு நாய் இருக்கு. எனக்கு நாய் ஒத்துக்காது, லெஸ்டர். உடம்பெல்லாம் தடிச்சுடும்.

லெஸ்டர்: அது கதைம்மா.

பிரைடி: கோர்ட் நிஜம்தானே?

லெஸ்டர்: அப்பாகிட்ட சொன்னியா?

பிரைடி: எப்படிச் சொல்றது? கோர்ட்ல எனக்குன்னு வெச்ச வக்கீலம்மா அவர்கிட்ட சொல்லிட்டாங்க போல. நேத்து காலைல முட்டை பொரிச்சுக் குடுத்தாரு. தெருவுல பனியை வாரிட்டு, வேற யாரும் வண்டி நிறுத்தாம அம்மா காருக்கு இடம் பிடிச்சு சமையல்கட்டு நாற்காலியப் போட்டாரு. வந்து எனக்கு எதிர்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

லெஸ்டர்: இன்னும் உங்கம்மாவுக்கு நாற்காலி போடறாரா மனுஷன்?

பிரைடி: என்னைக் கூட்டிட்டுப் போக வர்றப்ப அம்மாவுக்கு இடம் கிடைக்கணுமாம். அம்மாவும் வர்றப்ப அவருக்கு சூப் கொண்டு வருவாங்க. மத்த எல்லாத்துலயும் நல்லவங்கதான். என்னைப் பத்தின பேச்சு வந்தாத்தான்… எட்டு வீட்டுக்குக் கேக்கும்.

லெஸ்டர்: அதான் கோர்ட் வரைக்கும் போயிடுச்சா?

பிரைடி: செட்டுல எனக்குப் பாடம் நடத்தற டீச்சரம்மா வாட்ச்சைப் பாக்கறாங்க. இன்னும் இருபது நிமிஷம்தான் நான் நடிக்கலாம், அப்புறம் கணக்குப் பாடம். வாங்க, முயற்சி பண்றேன்.

லெஸ்டர்: இரு. உக்காரு.

பிரைடி: டைரக்டர் திட்டுவாரு.

லெஸ்டர்: திட்டட்டும். நான் ஒரு வாக்கு குடுத்திருக்கேன். அதை இப்ப உடைக்கப் போறேன். நமக்கு அது புதுசில்ல.

பிரைடி: யாருக்குக் குடுத்தீங்க?

லெஸ்டர்: உங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும். அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் சேந்து வந்து உன்கிட்ட சொல்றதா ஏற்பாடு.

பிரைடி: என்னத்தை? லெஸ்டர்… ஈரியா?

லெஸ்டர்: ஈரியும் இல்ல, பூரியும் இல்ல! இதே ஊரு. இதே ஸ்கூலு. ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு. உங்கம்மாவும் லாஸ் ஏஞ்சல்ஸ் போகல.

பிரைடி: பொய்.

லெஸ்டர்: சத்தியம்.

பிரைடி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

லெஸ்டர்: நேத்து சாயங்காலம் உங்கப்பா என் கதவைத் தட்டினாரு. “என் பொண்ணு நான் வேணாம்னு சொல்லிட்டா, லெஸ்டர்”னு வாசல்லயே நிக்கறாரு. என்ன சொன்னான்னு கேட்டேன். சொன்னாரு. “யோவ், இது உம்ம பொண்ணு சொன்னதில்லய்யா, எங்க ரைட்டர் எழுதினது”ன்னேன்.

பிரைடி: அப்ப காலைல நீங்க…

லெஸ்டர்: கோர்ட்ல நின்னேன், வசனப் பேப்பரோட. பதினாலு எபிசோடா கோர்ட்ல கத்தறவனுக்கு, நிஜ ஜட்ஜைப் பாத்ததும் நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. உன் வக்கீலம்மாதான் பேப்பரை வாங்கி ஜட்ஜம்மாகிட்ட குடுத்தாங்க.

பிரைடி: ஜட்ஜம்மா திட்டினாங்களா?

லெஸ்டர்: படிச்சாங்க. “இந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுகிறாள்”னு போட்டிருக்கே, அதையும் சத்தமா படிச்சாங்க. அப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாரு… உங்கம்மாவே சிரிச்சுட்டாங்க.

பிரைடி: அம்மாவா?

லெஸ்டர்: சிரிச்சு, அப்புறம் அழுது… ரெண்டும். ஜட்ஜம்மா ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, “இனிமே இந்தக் கேள்வியை இந்தக் குழந்தைகிட்ட யாரும் கேக்கக் கூடாது. முடிவு என்னோடது. வருத்தம் இருந்தா என்மேல படுங்க”ன்னுட்டாங்க.

பிரைடி: இதெல்லாம் காலைலேந்து தெரியுமா? ஏழு டேக்கும் பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்களா?

லெஸ்டர்: வாயைத் தெச்ச மாதிரி வெச்சிருந்தேன்டீ.

பிரைடி: குடிச்சுட்டு வந்தீங்கன்னு எல்லாரும் பேசினாங்களே. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

லெஸ்டர்: எங்க போனேன்னு கேப்பாங்க. உன் காதுக்கு வந்துடும். போகட்டும் விடு, என் பேரு ஏற்கெனவே… ஏய். அழறியா?

பிரைடி: இல்ல.

லெஸ்டர்: அழற! டைரக்டரே! வந்துடுச்சு! கேமராவ ஓட்டுங்க…

பிரைடி: கூப்பிடாதீங்க! இது டெஸ் அழற அழுகை இல்ல.

லெஸ்டர்: சரி சரி. கூப்பிடல. நல்லா அழு. இந்தா, என் டை. சட்டைல துடைக்காதே, இன்னும் சீன் இருக்கு.

பிரைடி: அப்ப யாரும்… நான் யாரையும் வேணாம்னு சொன்னதா நெனைக்கலையே?

லெஸ்டர்: ஒருத்தரும் நெனைக்கல. பயத்துல வசனம் உளறிட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். நல்லவேளை உளறினே போ.

பிரைடி: உளறல, லெஸ்டர். அப்பான்னு சொன்னா அம்மா வீட்டுக்குப் போய் அழுவாங்க. அம்மான்னு சொன்னா அப்பா பஸ்ல உக்காந்து அழுவாரு. நானா என்ன சொன்னாலும் யாராவது ஒருத்தர் அழுவாங்க… அதான், யாரோ எழுதிக் குடுத்ததைச் சொல்லிட்டு வந்தேன்.