ஒன்பதாவது பொருள்

கூட்டத்தில் தலைவருக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எதிரே உட்கார்ந்தால் எதிர்க்கட்சி ஆகிவிடுவீர்கள். அவருக்கு வலப்பக்கம், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தால் பிஸ்கட் தட்டு உங்களிடம் இரண்டாவதாக வரும். பேசும் வாய்ப்பும் ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

புதிய மாணவர் பிரதிநிதிகளுக்காக நான் கற்றதை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பதினாறு வருடம் ஆகிறது. இருந்தாலும் அந்த அறையின் நாற்காலிகள்கூட நினைவிருக்கின்றன. மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதில் உட்கார்பவர் எது சொன்னாலும் தயங்கிச் சொல்வதுபோல இருக்கும்.

என் முதல் கூட்டத்தில் பேசுவதற்கு எழுந்து நின்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுக்குள்ள கிளம்பிட்டியாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த முதல் சரியான காரியம். அந்தச் சிரிப்பிலிருந்தே அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

மாணவர் நலக் குழுவில் மாணவர்கள் இரண்டு பேர். மற்றவனுக்கு 'ஆமோதிப்பு' என்று பெயர் வைத்திருந்தோம். வருடம் முழுக்க அவன் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். ஒருமுறை தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்குக்கூட "ஆமோதிக்கிறேன்" என்றான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சிநிரல் ஒரு வாரம் முன்பே வந்துவிடும். எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதன் பக்கத்தில் உறுப்பினர் நட்சத்திரம் போட்டு அனுப்ப வேண்டும். நட்சத்திரம் இல்லாத பொருள் எதுவானாலும் பேச்சே இல்லாமல் நிறைவேறிவிடும். ஆசிரியர்களுக்குக் கணக்கில்லை. மாணவருக்குக் கூட்டத்துக்கு ஒரு நட்சத்திரம்தான். ஆகையால் தோற்கப் போகிற பொருளுக்கு அதைச் செலவழிக்கக் கூடாது. இந்த ஒரு விதியால்தான் தேர்வுகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி வாங்கினேன். விடுதிக்குக் குடிநீர் இயந்திரமும் அப்படி வந்ததுதான். எனக்கு முந்தைய ஐந்து பிரதிநிதிகள் சேர்ந்து ஒரு குப்பைத்தொட்டி வாங்கியிருந்தார்கள்.

அந்த வருடம் என் தங்கையும் அதே கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் என் அறைக்கு மேல்மாடியில் அவள் அறை. முதல் மாதமே ஒரு மனுவோடு வந்து நின்றாள். விடுதியின் பின்படிக்கட்டுக் கதவை வார்டன் அம்மா பகலிலும் பூட்டி வைக்கிறார், அதைத் திறக்க வேண்டும் என்று நூற்று நாற்பது கையெழுத்து. வெளியாட்கள் நுழைகிறார்கள் என்பது வார்டன் அம்மாவின் கட்சி.

"அக்கா, ஒரு ஆபத்துன்னா எல்லாரும் ஒரே படியிலயா இறங்குறது? நீ நட்சத்திரம் போடுவேதானே?"

"போடுறேன்டி."

"சத்தியமா?"

"உனக்குப் போடாம ஆமோதிப்புக்கா போடுவேன்?"

விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனு நிகழ்ச்சிநிரலில் ஒன்பதாவது பொருளாக வந்தது. 'கதவு பூட்டியே இருக்கும்' என்ற வார்டன் அம்மாவின் பரிந்துரையும் கூடவே இருந்தது. நான்காவது பொருள் நூலகத்தை இரவு எட்டு மணிவரை திறந்து வைப்பது. அது என் சொந்த யோசனை. தாழ்வாரத்தில் தலைவர் என்னை நிறுத்தி, "நாலாவது நல்ல விஷயம், நான் உன் பக்கம். ஒன்பதை எடுத்தா வார்டன் அழுவாங்க, கூட்டம் கெட்டுடும். அடுத்த வருஷம் கல்லூரிப் பேரவைக்கு உன் பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நான்குக்குப் போட்டேன். நூலகம் இன்றும் எட்டு மணிவரை திறந்திருக்கிறது. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

தங்கையிடம், "அரை மணி நேரம் சண்டை போட்டேன், ஒத்துக்கல" என்றேன். "பரவால்லக்கா, நீ பேசினியே, அது போதும்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்று மாலை தன் தோழிகளிடம் நான் எப்படிச் சண்டை போட்டேன் என்று நடித்துக் காட்டினாளாம். என் குரல் அவளுக்கு அப்படியே வரும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு முன்படிக்கட்டின் கீழிருந்த மின்பெட்டி எரிந்தது. வகுப்பு நேரம் என்பதால் மாடியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். தங்கைக்குக் காய்ச்சல். புகையில் முன்பக்கம் இறங்க முடியாமல் மூவரும் பின்படிக்கட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். கதவுக்கு மிக அருகில் கிடந்தவள் அவள்தான். எங்கே போனாலும் முதலில் ஓடுகிறவள்.

பிரதிநிதிகள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தின் குறிப்பு அன்றே உண்மையாகிவிடுவதில்லை. அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து உறுதி செய்த பிறகுதான் உண்மையாகும். அதுவரை எந்த உறுப்பினரும் திருத்தம் சொல்லலாம். வரைவில், 'பொருள் 9: நட்சத்திரமிடப்படவில்லை. விவாதமின்றி ஏற்கப்பட்டது' என்று இருந்தது. விசாரணைக்கு வருபவர்கள் அதைப் படித்தால், யார் போட்டிருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

நான் உட்கார்ந்தபடியே ஒரு சிறு திருத்தம் சொன்னேன்: 'மனுதாரர் மனுவைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டதால் விவாதிக்கப்படவில்லை.'

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு நல்லாத் தெரியுமாம்மா?"

"என் தங்கச்சிதானே சார். என்கிட்டதான் வந்து சொன்னா."

துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. இந்த வரியை மட்டும் கையேட்டில் சேர்க்க வேண்டாம். பக்கத்து நாற்காலியிலிருந்து "ஆமோதிக்கிறேன்" என்று கேட்டது. வார்டன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நன்றியில் அழுதார் என்றே எனக்குத் தோன்றியது. ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறிற்று. அடுத்த வருடம் பேரவையிலும் இருந்தேன்.

தங்கை எதையும் திரும்பப் பெறவில்லை. கடைசிவரை அந்தக் கையெழுத்துத் தாள்களின் நகலைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். விடுதியைக் காலி செய்தபோது நான்தான் எடுத்தேன். கிழித்ததும் நான்தான்.

விசாரணை அறிக்கை மூன்று குடும்பத்துக்கும் போயிற்று. அம்மா அதைப் படித்துவிட்டு, மற்ற இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். நான் கூட்டிப் போனேன். முதல் வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டாவது வீட்டில் அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்றபடியே, "உங்க பொண்ணு ஏங்க வாபஸ் வாங்கினா?" என்று கேட்டார். அம்மா கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ கூடத்தானே இருந்தே. நீயாவது அவளைத் தடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"சொல்லிப் பார்த்தேம்மா. அவ கேக்கல."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை விடவில்லை. என்மேல் கோபப்பட வேண்டிய அந்த ஒரு வருத்தத்தையாவது அவளுக்கு மிச்சப்படுத்தினேன் என்று நினைக்கிறேன்.