மூணு மணிக்குப் போற பேட்டரி

இன்னொரு வாட்டி சுத்திப் பாரு கண்ணு. அந்தக் கண்ணாடி மேல வெச்சு நல்லா ஒரு சுண்டு சுண்டு. உப்பிப் போன பேட்டரின்னா பம்பரமாட்டம் சுத்தும்னு நீதான சொன்ன? சுத்தலியா? ஆடாம கீதா? சரி வுடு, அது இன்னா பண்ணும் பாவம்.

ஐய, திருப்பிப் போன்ல போட்டுடாத. மீட்டர் வெச்சுப் பாக்கறதுன்னா பாரு, அவசரமில்ல. நான் இப்டி ஸ்டூல்ல குந்திக்கறேன். சதுரங்கப்பட்டினத்துல செல்லு கடைக்கா பஞ்சம்? பஸ் ஸ்டாண்டாண்டயே ரெண்டு கீது. பொண்ணு குந்திகினு ரிப்பேரு பாக்கற கடை இது ஒண்ணுதான், அதுக்கோசரம்தான் வெய்யில்ல நடந்து வந்தேன். காலேஜு படிச்சியா? பேரு? கவியா. நல்லா கீது. அதிகமா பேச மாட்ட போல. பேசாத, ஒண்ணும் தப்பில்ல. நான் ஜெசிந்தா, மாதா கோயில் தெருவு.

எவ்ளோ நேரம் நிக்குதா? காலையில நல்லாத்தான் கீது. மத்தியானம் மூணு மணியாச்சுன்னா பொட்டுனு போயிடும். நாலரைக்குத் திரும்பி உசுரு வரும். ஆமா, தெனமும். மணி பாத்துகினு போற பேட்டரிய நீ பாத்ததில்லியா? சிரிக்காத.

என் வூட்டுக்காரரு தாவீது ஷார்ஜாவுல கீறாரு. ஏசிக்கு காத்து போற டக்ட் மாட்டற வேல. போயி நாலு வருஷம் ஆவுது, நடுவுல ஒரே ஒரு வாட்டி வந்தாரு. அங்க இருந்துகினே இந்தப் பேட்டரிக்கு அவுரு பாக்காத வைத்தியம் இல்ல. மொதல் சார்ஜு எட்டு மணி நேரம் போடுன்னாரு, போட்டேன். சுத்தமா இறங்கினப்பறம்தான் சொருகணும்னாரு. அப்பால யாரோ சொன்னான்னு, வேணாம், பாதியிலயே சொருகிடுன்னாரு. துணியில சுத்தி ஃப்ரிட்ஜுல வையின்னாரு. எங்க வூட்ல ஏது ஃப்ரிட்ஜு? டவுன்ஷிப்புல நான் காலையில வேல செய்யற வூட்ல, சியாமளா அம்மா கிட்ட கேட்டு, தயிர் கிண்ணத்தாண்ட வெச்சேன். அவங்க ஒரு பார்வ பாத்தாங்க பாரு. பேட்டரிய மட்டும் கவ்விப் புடிச்சுகினு செவப்பும் பச்சையுமா எரியுமே, அந்த சார்ஜரு கூட வாங்கி அனுப்சாரு.

நானும் சொல்லாத காரணமில்ல. சார்ஜரு லூசுன்னேன், புது சார்ஜரு வந்துச்சு. உங்கம்மா பயந்துகினு வயர புடுங்கிடுதுன்னேன், அதுக்கு போன் போட்டு அரை மணி நேரம் திட்டுனாரு. பாவம் கெழவி. கரண்டு கட்டுன்னேன். பக்கத்துலயே அணு ஒலையில கரண்டு பண்ணி ஊரெல்லாம் அனுப்பறான், நம்ம தெருவுல தெனம் ரெண்டு மணி நேரம் கட்டு, அது நெசம்தான? அவுரு இன்னா பண்ணாரு தெரியுமா? எந்த தெருவுக்கு எந்த நேரம் கட்டுன்னு கரண்டு ஆபீசுக்கே போன் போட்டு கேட்டுட்டாரு. ஷார்ஜாவுல இருந்து!

ஏன் இவ்ளோ சீக்கிரம் இறங்குதுன்னா, வேல ஜாஸ்தி கண்ணு. அவுரு ஒரு ரிங்கு வுட்டு கட் பண்ணுவாரு. நான் ஒரு ரிங்கு வுட்டு கட் பண்ணணும். அப்டீன்னா நான் வூட்ல கீறேன்னு அர்த்தம். வெளிய இருந்தா ரெண்டு ரிங்கு. இதுக்கு காசு போவாதில்ல, அதனால காலையில இருந்து தூங்கற வரிக்கும் நடக்கும். ஒரு நாளு எண்ணிப் பாத்தேன், நாப்பத்தி மூணு. மூணு நிமிஷத்துக்குள்ள திருப்பி அடிக்கலன்னா நெசமாவே கால் வரும். வந்தா, சத்தம் கேக்கணும்.

இன்னா சத்தமா? வூட்டு சத்தம்தான். குக்கராண்ட போன வையின்னுவாரு. விசில் வந்தாத்தான் நம்புவாரு. ஒரு நாளு அப்பத்தான் அடுப்ப அணைச்சேன், இன்னொரு விசில் வுடுன்னாரு. வுட்டேன். சோறு கொழஞ்சு கஞ்சியாச்சு, மாமியா என்னைத்தான் திட்டிச்சு. சியாமளா அம்மா வூட்ல மிக்சி. ஞாயித்துக்கெழம கோயில் மணி. மாமியா பக்கத்துல கீதான்னா, இருமச் சொல்லுன்னுவாரு. கெழவியும் இருமும். எங்க வூட்ல இருமலுக்கு கூட ட்யூட்டி கண்ணு.

நீ சிரிச்சிட்ட. எனக்கும் மொதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு. நம்ம மேல எவ்ளோ ஆசைன்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்.

கெட்டவரு இல்ல, சொல்லிட்டேன். குடி கெடையாது. மாசம் தவறாம பணம் வந்துடும். தனியா கெடக்கறாரு, ஒரு ரூம்ல எட்டு பேரு. அடிச்சா கூட நாலு பேரு வந்து ஏன்னு கேப்பாங்க. ரிங்கு வுட்டா யாரு கேப்பா?

இப்போ இந்தப் புது போனு வந்துருக்கு பாரு. டப்பா பிரிக்கல, பாத்துக்க. அவுரு ரூம்ல கூட கீறவரு நரசிம்மன், ஊரப்பாக்கம். லீவுல வந்தாரு, அவரு கிட்ட குடுத்து அனுப்சிருக்காரு. ஞாயித்துக்கெழம செங்கல்பட்டு போயி ட்ரெயின் புடிச்சு வாங்கியாந்தேன். போற வழியெல்லாம் ஸ்டேஷனுக்கு ரெண்டு ரிங்கு. பரனூருன்னா ரெண்டு, மறைமலை நகருன்னா ரெண்டு. டப்பா படத்துல பாரு, மேல பட்டன் கூட கெடையாது, ஒரே கண்ணாடி. ரெண்டு நாளு ஆனாலும் சார்ஜு இறங்காதாம். அடுத்தது மூஞ்சி பாத்துப் பேசற போனு வரப்போவுதாம், நரசிம்மன் சிரிச்சிகினே சொல்றாரு. டப்பாவ பையில போட்டுகினு கெளம்பிட்டேன்.

இதுல சிம் கார்ட மாத்தி, பழச தலைய சுத்திப் போட்டுடுன்னு உத்தரவு. இன்னிக்கி சாயங்காலம் புதுசுல இருந்து நான் மொத ரிங்கு வுடணும்.

அதான் கேக்கறேன், இதுல பின்னாடி மூடி கழலுமா? கழலாதா? கீழ வுழுந்தா கூட? ம்.

ஆஃப் பண்ணலாம், தெரியும். ரெண்டு நாளு நிக்கற போன ஏன் ஆஃப் பண்ணேன்னு கேப்பாரில்ல. அப்போ நான் இன்னாத்த சொல்றது?

ரெண்டு வருஷத்துக்கு முன்ன, மீனு வாங்க கடற்கரைக்குப் போனேன். கால் வந்துச்சு, எடுத்தேன், அலை சத்தம் கேட்டுடுச்சு. யாரு கூட போனன்னாரு. மீன்காரம்மா முனியம்மா கிட்ட குடுத்தேன், அது பேசிச்சு. அப்பவும் அடங்கல. திருப்பி வாங்கறப்ப போன் கை தவறி கீழ வுழுந்துச்சு. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். பொறுக்கி மடியில போட்டுகினேன். மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்? அர நிமிஷம். நான் மாட்டல. அப்டியே அந்த ஒல்லாந்தர் கோட்டைக்குள்ள போயி செவுத்தோரமா குந்திட்டேன். ஒண்ணர மணி நேரம்.

ஆமா கண்ணு. பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. நீ சுண்டும்போதே கண்டுபுடிச்சிட்ட, மொகத்துலயே தெரிஞ்சுச்சு. நான்தான் கழட்டறேன். தெனம் மூணு மணிக்கு.

ஒண்ணும் பண்றதில்ல. நெசமாத்தான். கோட்டையில குந்தினு இருப்பேன். அலை சத்தம் வரும், அத யாருக்கும் கேக்க வெக்க வேணாம். சொம்மா குந்தறதுக்கு ஒருத்தி வூட்ட வுட்டு போவாளான்னு நீயே நம்ப மாட்ட, அவுரு எப்டி நம்புவாரு?

மூஞ்ச அப்டி வெச்சுக்காத. அழுவற கதையா இது? சொல்றத கேளு. பேட்டரிய மாட்டின ஒடனே அடிக்கும். நீ எடு. பொம்பள கொரலுதான், ஒண்ணும் கேக்க மாட்டாரு. புது போனு இங்க டவரு எடுக்கல, சூடாவுது, பழசே இருக்கட்டும்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு, கடைக்காரப் பொண்ணு சொன்னா நம்புவாரு. பொய்யின்னு யோசிக்கறியா? நீ ஒரு வாட்டி சொன்னா போதும் கண்ணு. நான் ரெண்டு வருஷமா தெனம் சொல்லிகினு கீறேன்.

சொல்றியா? சரி. நல்லா இரு.

ஐய, இரு, இரு, இப்ப மாட்டாத. அப்டியே கண்ணாடி மேல வெச்சிரு. மணி இன்னா ஆவுது? நாலு பத்தா? நாலரை ஆவட்டும். இன்னிக்கி கோட்டைக்குப் போவல இல்ல.

ஃபேன் காத்து நல்லா வருது உன் கடையில.