கிண்ணத்தில் கேட்ட சால்னா

குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்தவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கும் ஒருவரும் இலஞ்சியில் ஏறிய அவருடைய அக்காவும். அதுவரை சம்மதம் சொல்லாதிருந்த சென்னை மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்துக்கு வந்திருந்தார்கள். சற்று முன்தான் காரில் கிளம்பிப் போயிருந்தார்கள்.

“அருவியில வெள்ளம் வந்து அடைச்சது நல்லதாப் போச்சுக்கா,” என்றார் அவர்.

“ஏலே, குளிக்கதுக்குன்னே வந்தவுகல்லா! முகம் சுளிச்சிருப்பாவளே?”

“சுளிச்சாவ. நேரா பரோட்டா கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா, சால்னாவைத் தனியா கிண்ணத்துல குடுங்கன்னாவ. சப்ளையர் காதுலயே வாங்கல. நம்மூர் வழக்கப்படி பரோட்டாவைப் பிச்சுப்போட்டு இலை நிறைய ஊத்திட்டாரு.”

“ஐயையோ! சம்பந்தம் போச்சேலே!”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஊறினதை ஒரு வாய் வச்சாவ. அப்புறம் கை நிக்கவேயில்ல. இலை காலியானதும் மகன்கிட்ட, ‘இங்க பொண்ணு எடுத்தா வருஷா வருஷம் வரலாம்டா’ன்னாவ. அடுத்த மாசமே நிச்சயம்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பின்ன? அருவி மட்டும்தான் நம்ம ஊருன்னு நெனச்சாவளோ! பில்லு எவ்வளவுலே?”

“அவுக வழிக்குக் கட்டித் தரச் சொன்ன பரோட்டா பார்சலோட, ஆயிரத்து நானூத்தி முப்பது.”