ஞாயிறு பதிப்பில் வந்த படம்

– ஃபோகஸே இல்லைடா இதுல. நீயே பாரு வன்னியராஜ், உன் மூக்கு எது, மைக் எதுன்னு தெரியறதா?

– தெரியல மக்கா. ஆனா நான் தொண்டை கிழியப் பாடுகது கேக்குல்லா.

– ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போட்டுட்டா பெரிய படமாயிடுமா? கீழ எடுத்தவ பேர் வேற, சபீனான்னு. நீங்க பேண்டு வாசிக்கற அரிசி குடோனுக்கு அவ வந்தது ஒரே ஒரு சாயங்காலம். நான் தொண்ணூத்தாறுலேர்ந்து உங்களை எடுத்துண்டிருக்கேன். பங்க் பாட்டுன்னா, பங்க்ங்கறது பழத்துப் பேரான்னு இந்த ஊர்ல கேட்டுண்டிருந்த காலம். அரிசி மூட்டை மேல ஏறி நின்னு எடுத்திருக்கேன், கேட்டயா.

– யாரு இல்லேன்னா சேஷா?

– நேத்து கரமனைல பஸ்ஸுக்கு நிக்கறேன். ரெண்டு காலேஜ் பசங்க இதே படத்தைப் பாத்துண்டு அடிபொளி, பிரமாதம்ங்கறா. எங்க தெரு முனைல வச்சு.

– வயிறு எரிஞ்சிருக்குமே.

– எரியல. சிரிப்புதான் வந்தது. கேமரா விலை கூடினதா இருந்தா யார் வேணா எடுக்கலாம்.

– அவளுக்குள்ளது பழைய கேமரா, மக்கா. லென்ஸ்ல கீறல் உண்டு. உன்னுதுதான் புதுசு.

– ஓ. அவ கேமராவைக் கையில வாங்கிப் பாக்கற அளவுக்கு ஆயாச்சு.

– எங்க சித்தப்பா கடைக்கு வந்தா. உன் படத்தையெல்லாம் பாக்கணும்னா. என்கிட்ட கிடந்த ஆல்பத்தை எடுத்துக் குடுத்தேன்.

– என்னைக் கேக்காமயா?

– கேட்டா விட்டிருப்பியாக்கும்?

– மாட்டேன். என்ன சொன்னா? சிரிச்சாளா?

– எங்க சிரிச்சா? எல்லாத்தையும் தரையில பரத்தி வச்சு முட்டுக்குத்தி உக்காந்துட்டா. வாங்கிக் குடுத்த சாயா ஆறிப்போச்சு. பொறவு கேக்கா, பாட்டுக்காரன் எங்கேன்னு.

– ஏன், நீ இல்லையா அதுல?

– பாதிப் படத்துல எனக்குத் தலை இல்ல. கிட்டார்காரன் கை மட்டும் ஓரத்துல கிடக்கு. நடுவுல பூராவும் ட்ரம்ஸ் அடிக்கிற பிரஜின்.

– வெளிச்சம் அவன் பக்கம்தானே இருந்தது. பல்பு அங்கதான தொங்கறது.

– பல்பு என் மண்டைக்கு நேர மேல, சேஷா. நாந்தான் மாட்டுனேன்.

– சரி விடு. இனி அவளையே கூட்டிண்டு போய் எடுத்துக்கோங்கோ. எனக்கென்ன.

– முழுசாக் கேளு. ஒரு படத்துலகூட பிரஜினுக்குக் குச்சி அந்தரத்துல நிக்கலையாம். அத்தனைலயும் குச்சி ட்ரம்ல வந்து விழுற அந்த நொடி. அந்த இருட்டுல, அவன் அடிக்கிற வேகத்துல, இவன் எப்படிப் பிடிச்சான்னு கேட்டா.

– அது... நான் பாத்து எடுக்கறதில்லை. விரல் தானா அமுக்கிடும்.

– அதத்தான் அவளும் சொன்னா. இவன் படம் எடுக்கல, கூடவே உக்காந்து அடிக்கான்னு. உன் பேச்சு அவ காதுக்கும் போயிருக்கு, கேட்டியா. 'அவனுக்கு என்மேல பொறாமைன்னு எல்லாரும் சொல்லுகாவ. என்மேல இல்ல, அந்த ட்ரம்ஸ்காரன் மேலயாக்கும்'னா. என்னலே, பேப்பரை மடக்கிட்ட? அடுத்த மாசம் பிரஜின் ஷார்ஜா போறான். பொறவு யாரை எடுப்ப?

– அந்த ட்ரம்ஸ் செட்டைக் கையோட கொண்டு போறானாடா, இங்கேயே போட்டுட்டுப் போறானா?