ஸ்விட்ச் இல்லாத பம்பு

— எழுதி வெச்சுக்குங்க பரிமளா மேடம். இந்த உலகத்துல மனுஷன் கையால நிறுத்த முடியாதது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு சூரியன். இன்னொண்ணு இந்த இனியன் மாட்டின பம்பு.

— எங்க மாமியார் வாயை வுட்டுட்ட சார்.

— நான் விளையாட்டுக்குச் சொல்லலை. செங்கல்பட்டுல ஆரம்பிச்சு உங்க மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் பதினேழு சோலார் பம்பு போட்டிருக்கேன். ஒண்ணுல கூட ஸ்விட்ச் கிடையாது. கம்பெனி வெச்சு அனுப்பின ஸ்விட்சையும் நானே கழட்டிட்டேன்.

— அது ஏன்னுதான் கேக்கறேன். எங்க வூட்டு ஓட்டை ஃபேனுக்குக் கூட ஸ்விட்ச் கீது.

— ஸ்விட்ச் இருந்தா மனுஷன் கை வைப்பான். நீ போட்டே, நான் அணைச்சேன்னு சண்டை வரும். இதுல அந்தப் பேச்சே இல்லை. காலையில வெயில் பலகை மேல பட்டா மோட்டார் தானா எழுந்திருக்கும். வெயில் ஏற ஏற வேகம் ஏறும். சாயங்காலம் தானா படுத்துக்கும். பேட்டரி கூட வேண்டாம். கரண்டைச் சேர்த்து வைக்கறதைவிட தண்ணியைத் தொட்டியில சேர்த்து வைக்கறது சுலபம் பாருங்க.

— மோட்டாரு ராப்பகலா தண்ணிக்குள்ள முழுகிக் கெடக்குதே, அதுக்குச் சளி புடிக்காதா?

— அதோட வீடே அதுதான். மேல உட்கார்ந்துகிட்டு உறிஞ்சற பம்பு இல்லை இது. போர் குழிக்குள்ள நின்னுகிட்டுத் தண்ணியை மேல தள்ளும். சுத்தி இருக்கற தண்ணியே அதைச் சூடாகாமப் பார்த்துக்கும். தண்ணி வத்திட்டா அதுவே தெரிஞ்சுகிட்டு நின்னுடும். அவ்வளவு புத்தி.

— வத்தினா நிக்கும். செரி. அதுக்கு நாக்கு கீதா?

— நாக்கா? பம்புக்கு எதுக்கு நாக்கு?

— சும்மா கேட்டேன். நீ இன்னாத்துக்கு வந்த, அத்தச் சொல்லு.

— மீட்டர் பார்க்க வந்தேன். ஒரு நாளைக்கு முப்பதாயிரம் லிட்டர் தள்ள வேண்டிய பம்பு இது. உங்க குப்பத்துல மட்டும் பன்னெண்டாயிரத்தைத் தாண்டலை. நாவலூர் ஆபீஸ்ல எல்லாரும் என்னை துக்கம் விசாரிக்கற மாதிரி பார்க்கறாங்க. இன்னைக்கே காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லலைன்னா, ரெண்டு மடங்கு பெரிய மோட்டாரை அனுப்பி மாட்டிடுவாங்க.

— ஐயையோ! பெரிசா? வாணாம் சார்! உனக்குப் புண்ணியமாப் போவும்!

— ஏன் இப்படி பதறுறீங்க? இலவசம்தான். சரி வாங்க, முதல்ல பலகையைப் பார்ப்போம். தூசி படிஞ்சிருக்கும், இல்லைன்னா காக்கா ஏதாவது… ஐயோ! என்னங்க இது!

— இன்னா சார், பாம்பா?

— புடவை! பன்னெண்டு பலகையில ஏழு பலகை மேல புடவை!

— ஆறுதான் புடவை. அந்தக் கட்டம் போட்டது லுங்கி.

— கடவுளே! துணி காயப்போட இவ்வளவு பெரிய கடற்கரை இருக்கே, கண்ணாடிப் பலகை மேலதான் போடணுமா?

— காயப்போடல சார். மூடி வெச்சிகீறோம்.

— மூடியா! எதுக்கு? சூரியன் பார்த்தா பலகைக்கு வெக்கமா இருக்கா?

— மோட்டாரு மெதுவா ஓடணும்னுதான். காலையில எல்லாம் தொறந்திருக்கும். பத்து மணிக்கு மூணு புடவை. உச்சி வெயிலுக்கு ஏழு. நாலு மணிக்கு மேல ஒண்ணொண்ணா உருவிடுவோம். இந்த வாரம் என் முறை.

— முறை வேறயா! வேலைக்கு ஆள் வெச்சு ஷிஃப்ட் போட்டு சூரியனுக்குச் சேலை கட்டறீங்க! இதை நான் ஆபீஸ்ல சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான். காலேஜ்ல படிச்ச நாலு வருஷத்துல ஒரு வாத்தியார் கூட சொல்லித் தராத டெக்னாலஜி. வேகத்தைக் குறைக்கணும்னா ஜாக்கெட், நிறுத்தணும்னா பாவாடையா?

— சிரிச்சு முடிச்சியா? இப்ப கேளு. ஃபுல்லா ஓடுனா தண்ணி உப்பாயிடும்.

— மேடம், பம்பு தண்ணியைத் தள்ளும். உப்பைத் தயாரிக்காது.

— தெரியும்யா. உப்பு அடியில கீது. நல்ல தண்ணி அது மேல மெல்லிசா நிக்குது, பால் மேல ஆடை மாரி. பையப் பைய எடுத்தா ஆடை மட்டும் வரும். அவசரப்பட்டு இழுத்தா அடியில கீறது ஏறிடும். சுனாமி அலை வந்து ரெண்டு வருஷம் ஆவுது. எங்க கெணறு ஒம்போதும் அன்னிக்கு உப்பானது, இன்னும் தேறல. மிச்சம் கீறது இந்த ஒரு போருதான். நாப்பது வூடு குடிக்குது.

— யார் சொன்னா இந்த ஆடைக் கதையை? எந்த இன்ஜினியர்?

— சந்திரம்மா புடவை சொல்லுச்சு.

— என்னது!

— நீ மாட்டிட்டுப் போன மொத வாரம், மத்யானமானா தண்ணி கரிச்சுது. ஒரு நாளு பக்கத்து வூட்டு சந்திரம்மா புடவை கொடியிலேர்ந்து காத்துல பறந்து வந்து பலகை மேல வுழுந்துச்சு. யாரும் பாக்கல. அன்னிக்கு மட்டும் சாயங்காலம் வரைக்கும் தண்ணி எளநி மாரி இருந்துச்சு. அப்பறம்தான் ரெண்டு, மூணுன்னு போட்டுப் பாத்தோம்.

— கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே!

— மூணு வாட்டி பண்ணோம். ‘பம்பு ஓடுதா மேடம்?’னு கேட்டாங்க. ஓடுதுன்னோம். ‘அப்ப பிரச்சினை தீர்ந்தது’ன்னு வெச்சிட்டாங்க.

— சரி, இன்னைக்கு நான் தீர்த்து வைக்கறேன். எல்லாத்தையும் உருவுங்க! யார் யார் புடவையோ அவங்கவங்க எடுத்துட்டுப் போகட்டும். என் பம்பு முழு வேகத்துல ஓடறதை ஊரே பார்க்கட்டும்!

— வாணாம் சார். ஒருவாட்டி உப்பு ஏறினா இறங்க நாலு நாள் ஆவும். அதுவரைக்கும் லாரிக்குக் கொடத்தோட நிக்கணும்.

— அறிவியல் முன்னாடி பயப்படக்கூடாது மேடம். அம்மா, உங்க சேலையைப் புடிங்க! ஏங்க, இந்த லுங்கி யாரோடது?

— என் வூட்டுக்காரரோடது. சார், சொன்னாக் கேளு… போச்சு, உருவிட்டான்.

— சத்தத்தைக் கேட்டீங்களா? குழாயைப் பாருங்க! இரும்புத் தூணு மாதிரி தண்ணி வருது! என்ன, எல்லாரும் கிளம்பிட்டாங்க? நின்னு பார்க்கலையா?

— அவங்களுக்கு மாமல்லபுரத்துல மீன் வியாபாரம் கீது. புடவையை வூட்ல வெச்சுப் பூட்டிகினு போறாங்க. நீ பாரு. நல்லாப் பாரு.

— ரெண்டு மணி நேரம் ஆச்சு பரிமளா மேடம், ஏதாவது ஆச்சா? மீட்டர் எப்படி சுத்துது பாருங்க! இப்ப உங்க கண்ணு முன்னாடியே ஒரு மடக்கு குடிக்கறேன்… தூ! தூ!

— இன்னா சார், துப்பற?

— இதுல… இதுல யாராவது உப்பு போட்டீங்களா?

— ஆமா. மூட்டை மூட்டையா கொட்டினோம். நீ அந்தப் பக்கம் திரும்பி மீட்டர் பாத்துகினு இருந்த.

— ஐயோ! நெஜமாவே கரிக்குது!

— இப்ப கரிப்பு. இன்னும் கொஞ்ச நேரத்துல கடலு. நிறுத்து சார்!

— நிறுத்தறேன், நிறுத்தறேன்… ஸ்விட்ச் எங்க?

— அத்த நீதான கழட்டின!

— ஐயோ!

— வொயரைப் புடுங்கு!

— முடியாது அக்கா! பன்னெண்டு பலகையும் வரிசையா மாட்டியிருக்கு, இருநூறு வோல்ட்டு. வெயில் இருக்கற வரைக்கும் பலகையில கரண்ட் இருந்துகிட்டேதான் இருக்கும், அதைச் சாகடிக்க வழியே இல்லை. ஓடும்போது கழட்டினா நெருப்புப் பொறி பறக்கும். கை போயிடும்.

— அப்ப சூரியனைப் போயி நிறுத்திட்டு வா!

— அக்கா, கிண்டல் பண்ணாதீங்க. என்ன செய்யறதுன்னு சொல்லுங்க.

— இன்னா செய்யணும்னு உனக்கே தெரியும். என் வாயால வேற சொல்லணுமா?

— இருங்க, நானே பலகை முன்னாடி நின்னு வெயிலை மறைச்சுப் பார்க்கறேன்.

— உன் நிழலு ஒரு பலகைக்கே பத்தாது. நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிகினு கீது, உப்பு.

— உங்க வீட்ல பழைய புடவை ஏதாவது இருக்குமா அக்கா?

— கேக்கல. சத்தமாச் சொல்லு.

— புடவை அக்கா. புடவை!

— ரெண்டு கீது. கூட அந்த லுங்கி. மீதி எல்லாம் பூட்டின வூட்டுக்குள்ள கீது. நாலுக்கு வழி?

— பைக் மேல போடற கவர் இருக்கு. மழைக்கோட்டு இருக்கு. சாப்பாட்டுப் பையில துண்டு ஒண்ணு… இருங்க.

— சட்டையைக் கழட்டறியா! அட, கம்பெனி பேரு போட்ட சட்டை சார் அது!

— பேரு உள்பக்கம் போற மாதிரி திருப்பிப் போட்டுடறேன்.

— தள்ளு, நானும் ஒரு பக்கம் புடிக்கறேன். ஓரத்துல கல்லு வை… ம், சத்தம் கொறஞ்சுச்சு பாரு.

— ஊத்து சின்னதாயிடுச்சு அக்கா. குடிச்சுப் பார்க்கட்டுமா?

— நான் பாக்கறேன். உன் நாக்கு இன்னிக்கு ஒரு வாட்டி பட்டது போதும்… கரிக்குதுதான். ஆனா இதுக்கு மேல ஏறாது. நாலு நாளு லாரித் தண்ணிதான். எங்க வூட்டுக் கொடத்தை நீ வந்து தூக்கு. சந்திரம்மா வூட்டுக் கொடத்தையும். நாப்பது வூட்டுக் கொடத்தையும்.

— தூக்கறேன்.

— இப்படி ஒரே வார்த்தையில பேசுவியா நீ? யப்பா. போன் அடிக்குது பாரு.

— மேனேஜர்… ஹலோ, சொல்லுங்க சார். ஸ்பாட்லதான் சார் இருக்கேன். இல்லை சார், பம்புல ஒரு கோளாறும் இல்லை. ஆமாம், பன்னெண்டாயிரம்தான்… ஐயோ, பெரிய மோட்டார் அனுப்பாதீங்க! வேஸ்ட் சார். இங்க வெயிலே பத்தலை. மேகம் சார்… நாவலூர்ல மண்டை காயுதா? இங்க அப்படி இல்லை சார். கடலோரம்ல. கொஞ்சம் தாழ்வான மேகம்… எப்பக் கலையும்னா… கலையற மாதிரி தெரியலை சார். வருஷக்கணக்குல இருக்கும் போல.

— அண்ணாத்த, உன் மேகத்தோட சட்டைக் கை ஒண்ணு காத்துல ஆடிகினு கீது. பட்டனைப் போட்டு வுடு.