ஹால் டிக்கெட்டுக்குப் பின்னால ஒரு தொட்டி

ஹலோ... ஆமா அண்ணி, நான்தான். என்ன, பரீட்சை நேரத்துல உங்க போன்... யாரு, எங்க ஸ்கூல் பொண்ணா? ... ஐயோ, குருவியா? ஆமா, ஆமா, நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். போன வருஷம்தான் சேர்ந்தா. வீட்டுல வேற பாஷை, நம்ம பேச்சு அவளுக்குப் பாதிதான் பிடிபடுது.

பிட்டா? அவளா? ... சூப்பர்வைசர் பிடிச்சாரா? இருங்க. இருங்க அண்ணி. எதுல எழுதியிருக்கா? ... ஹால் டிக்கெட்டுக்குப் பின்னாலயா... ஓ, எழுதல. வரைஞ்சிருக்கா.

ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். கேள்வி என்ன கேக்குதுன்னு முதல்ல படமாப் போடு, அப்புறம் எண்ணைத் தொடுன்னு. எங்க வகுப்புல எல்லாரும் அப்படித்தான் குறிப்பெடுப்பாங்க. ... சிரிக்காதீங்க. டிராயிங் கிளாஸ் இல்ல அது. முன்னாடியெல்லாம் போர்டுல இருக்கறதை அப்படியே எழுதிட்டுப் போயிடுவாங்க, பாதிப் பேருக்கு ஒண்ணும் ஏறாது. இவ கேள்வியே புரியாம வெறும் பேப்பரை நீட்டினவ. படம் போட ஆரம்பிச்சப்புறம்தான் வகுப்புல கையத் தூக்கறா.

... தெரியும், ஹால் டிக்கெட்ல கிறுக்கக் கூடாதுதான். உங்க சென்டர்ல ரஃப் பேப்பர் குடுத்தீங்களா? ... குடுக்கலல்ல. பின்ன எங்க போடுவா, நெத்தியிலயா? விடைத்தாள் சுத்தமா இருக்கணும்னு நானே வேற மிரட்டி வெச்சிருக்கேன்.

அண்ணி, ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா? ... இன்னும் இல்லல்ல. போடாதீங்க. போட்டா அவளுக்கு இந்த வருஷம் அவ்வளவுதான். அவங்க அப்பா மறுபடி பரீட்சைக்கு அனுப்பற ஆளும் இல்ல... இல்ல, உங்க தம்பி பொண்டாட்டியா கேக்கல. வீட்டுல என் சமையலுக்கு நீங்க சொல்ற குறைக்கெல்லாம் தலையாட்டறேன். இதுக்கு ஆட்ட மாட்டேன்.

என்ன படம்னு சொல்லுங்க. ... ம்... தொட்டி. மேல ரெண்டு குழாய்... ஒண்ணு தடியா, ஒண்ணு ஒல்லியா. சரி, இப்பக் கேள்வித்தாளைப் பிரிங்க. தொட்டிக் கணக்கு இருக்கா? ... பார்த்தீங்களா. இன்னைக்குக் காலையில நீங்க சீல் உடைச்ச தாள் அது. அதுல இருக்கற கணக்கை அவ எப்படி முன்னாடியே வரைஞ்சு எடுத்துட்டு வருவா?

...

என்னது?

... நான் ஏன் இந்தக் கணக்கை முன்னாடியே சொல்லிக் குடுக்கப் போறேன்? தாள் உங்க பீரோவுலதானே இருந்துச்சு... ஓ. அதான் குரல் இறங்குதா. நாத்தனார் சென்டரைப் பாக்கறாங்க, தம்பி பொண்டாட்டி டீச்சர்னு அந்த சூப்பர்வைசர் முடிச்சுப் போடறாரா. ... பக்கத்துலயே நிக்கறாரா? நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்.

அவளை உங்க ரூமுக்குக் கூப்பிடுங்க. ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத கணக்கு, இப்ப உங்க மனசுல தோணறது ஒண்ணு சொல்லுங்க. நான் குறுக்க பேசல. ... மெதுவா அண்ணி. கையைக் காட்டிச் சொல்லுங்க.

... ம். ரூம்ல பன்னெண்டு பேர்... பாதிப் பேர் எழுதறாங்க... மூணுல ஒரு பங்கு படிக்கறாங்க... கால் பங்கு தூங்கறாங்க. மிச்சம் எத்தனை பேர்? ... சரி, விடுங்க, அவ பார்த்துக்கட்டும்.

... அழறாளா? பென்சிலை எடுத்தாளா? ... அந்த சாரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அப்படி மேல விழற மாதிரி நின்னா யாருக்குத்தான் கை ஓடும்?

... ம். பெட்டி மாதிரி ரூம். உள்ள ஆறு பேர்... அப்புறம் நாலு... அப்புறம் ரெண்டு. ஒண்ணு செவுத்துக்கு வெளியவா? ... தப்புன்னு யாரு சொல்றது, அவரா? இருங்க. பாதின்னா ஆறு. மூணுல ஒரு பங்கு நாலு. கால் பங்கு மூணு. கூட்டுங்க அண்ணி. ... ஆமா. பதிமூணு. நீங்க அவசரத்துல போட்ட கணக்கு ரூமுக்குள்ள அடங்கல. அதான் ஒருத்தியை வெளிய உக்கார வெச்சிருக்கா.

... பின்னலா? வெளிய இருக்கறவளுக்கு மட்டும் ரெட்டைப் பின்னலா... யாருன்னு என்னைக் கேக்கறீங்களா. எதிர்ல நிக்கறவ தலையைப் பாருங்க.

...

... அண்ணி, அந்த சார்கிட்ட நீங்களே பேசுங்க.

... சரி. சரி. ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுங்க. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? ... அரை மணியா. போன நேரத்தையும் சேத்துக் குடுங்க. ... இல்ல, அவகிட்ட எதையும் விளக்க வேணாம், நீங்க பேசினா இன்னும் பயந்துடுவா. விடைத்தாளைக் கையில குடுங்க. ஹால் கதவைத் திறந்து அவ இடத்தைக் காட்டுங்க, போதும்... அண்ணி? ... ஹலோ?